அப்பாரோட மீன் ராட்டையும் பித்தளைப் பவுடரும்

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைச் சக்கரம், ஓரத்துல சின்னக் கைப்பிடி. "அண்ணா, தாத்தா வீட்டுப் பரண்ல கிடைச்சுது. பழைய மீன்பிடி ரீலாம். புளி போட்டு, அப்புறம் பித்தளைப் பவுடர் போட்டுத் தேய்ச்சேன், சும்மா தங்கமாட்டம் ஆயிடுச்சு. எவ்வளவுக்குப் போகும்?"

தேய்ச்சதுலயே பாதி போயிருக்கும் தம்பின்னு பதில் போட்டேன். அவருக்குக் கோவம் வந்திருக்கும் போல, அதுக்கப்புறம் பேச்சில்லை. அதனால அவருக்குச் சொல்ல வந்ததை இங்கேயே எழுதிடறேன். இது மீன் பிடிக்கிற ரீலுங்க, போன்ல பார்க்கற ரீல் இல்லை. அந்த ஆசையில வந்தவங்க இப்பவே கிளம்பிடலாம்.

எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. நாங்க அதுக்கு வெச்ச பேரு மீன் ராட்டை. எங்க அப்பாரு மேட்டூர் அணை கட்டுன காலத்துல வண்டி கட்டிக் கல்லு அடிச்சவர். 1925-ல ஆரம்பிச்சு 1934-ல முடிஞ்ச வேலை அது. அங்க இருந்த துரைமாருங்கள்ல ஒருத்தர் ஞாயித்துக்கிழமையானா காவிரியில தூண்டில் போடப் போவாராம். அப்பாருக்கு ஆத்துல எந்த மடுவுல எந்த மீன் கிடக்கும்னு தெரியும். அவர் இடம் காட்ட, துரை மீன் பிடிக்க, இப்படியே ரெண்டு மூணு வருசம் ஓடியிருக்கு. துரை ஊருக்குப் போறப்ப ராட்டையைக் குடுத்துட்டுப் போனாராம். அப்பாரு சொன்ன கதையில துரை பிடிச்ச பொம்மீன் ஆள் உசரம் இருந்துச்சு. எங்க அய்யன் சொல்றப்ப அது வண்டி நீளமாயிருச்சு. நான் சொல்லாம விட்டுடறேன்.

அந்த ராட்டை அறுபது வருசத்துக்கு மேல அட்டாலியில மஞ்சள் மூட்டைக்குப் பின்னால கிடந்துச்சு. பாகம் பிரிச்சப்ப அண்டா குண்டா எல்லாம் பங்கு போச்சு, இதை யாரும் சீந்தலை. எடைக்குப் போட்டா எவ்வளவு வந்துடும்னு விட்டாச்சு. அஞ்சு வருசம் முன்னாடி பழைய கதவு, தூண் வாங்க டவுன்ல இருந்து ஒரு வியாபாரி வந்தார். திண்ணையில பிள்ளைங்க இதை வெச்சு விளையாடிட்டு இருந்தாங்க. பார்த்தவுடனே, "அண்ணா, 15,000 தர்றனுங்க, இப்பவே"ன்னார்.

அங்க புடிச்சதுங்க சனி. கேட்ட உடனே 15,000 தர்றவன் எத்தனைக்கு விப்பான்னு ஊரே கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் மகன் நெட்ல தேடி, ஒரு இங்கிலாந்துக் கம்பெனி ராட்டை லட்சக்கணக்குல ஏலம் போனதைக் கண்டுபுடிச்சுக் காட்டினான். அவ்வளவுதான். "பொதுச் சொத்தை நீ எப்படித் தனியா வெச்சுக்கலாம்?"னு அண்ணன் கேட்டார். நான் ஏதோ திருப்பிச் சொன்னேன். என்ன சொன்னேன்னு எழுத மாட்டேன், எழுதற மாதிரி இல்லை. ரெண்டு வருசம் பேச்சு வார்த்தை இல்லை. வாய்க்கா முறை மாத்தறப்பக்கூட ஆள் விட்டுத்தான் சொல்லிக்கிட்டோம்.

நான் இந்த ராட்டையைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சதே அந்த வீம்புலதான். அது என்னதான்னு தெரிஞ்சுக்கணும், தெரிஞ்சுக்கிட்டு அவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும். இந்த எழுத்தைப் படிக்கிற ஒரு பெரியவர், நீலகிரியில ட்ரவுட் பிடிச்சுப் பழகினவர், போன்லயே எனக்குப் பாடம் எடுத்தார். அவர் முதல் முதலா சொன்னது, "எதையும் துடைக்காதீங்க. முதல்ல பாருங்க."

எதைப் பார்க்கறதுன்னு கேட்டீங்கன்னா, முதல்ல எதுல செஞ்சதுன்னு. காந்தத்தைக் கிட்டக் கொண்டு போங்க. பித்தளை ஒட்டாது. ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல முலாம். ஹோட்டல் வரவேற்பறையில அலங்காரத்துக்கு வைக்கறதுக்குன்னே புதுசா செஞ்சு, திராவகத்துல முக்கிப் பழசாக்கி விக்கிற சாமான் நிறைய இருக்கு. அப்புறம் திருகு. தலையில ஒத்தைக் கோடு இருந்தா பழசா இருக்கலாம். கூட்டல் குறி மாதிரி வெட்டு இருந்தா 1930-களுக்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, அந்தத் திருகே அப்பத்தான் வந்துச்சு. ஆனா ஒரு திருகு மட்டும் அப்படி இருந்தா ஊர் மெக்கானிக் யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கைப்பிடி கொம்புல செஞ்சதா, பிளாஸ்டிக்கா பாருங்க. கொம்புன்னா அதுல ரேகை ஓடும், சில சமயம் பூச்சி அரிச்ச சின்னச் சின்னக் குழி இருக்கும். பிளாஸ்டிக்கைப் பூச்சி தின்னாது. கருப்பா இருக்கற தட்டு எபோனைட்டா இருக்கலாம். அது கெட்டியாக்கின ரப்பர். வெயில் பட்டுப் பட்டுக் கருப்பு மாறி அழுக்குப் பழுப்பாயிடும், துணியில அழுத்தித் தேய்ச்சா லேசா கந்தக வாடை வரும்.

எழுத்து இருந்தா வேலை சுலபம். பிரிட்டிஷ் பேட்டன்ட் நம்பர் ஆறு இலக்கத்துல இருந்தா அது 1916-ல இருந்து இந்தப் பக்கம். அந்த வருசம்தான் அவங்க நம்பரை 1,00,001-ல இருந்து புதுசா ஆரம்பிச்சாங்க. ஆல்னிக் அப்படின்னு ஊர் பேரு இருந்தா ஹார்டி. 1872-ல துப்பாக்கிக் கடையா ஆரம்பிச்சு, அப்புறம் தூண்டில் சாமான்ல உலகப் பேர் எடுத்தவங்க. பெர்ஃபெக்ட்னு ஒரு ராட்டை செஞ்சாங்க, உள்ள பால் பேரிங் போட்டது. ஏலத்துல லட்சம் லட்சமாப் போறது அதோட முதல் கால உருப்படிகதான். ரெட்டிச்னு ஊர் பேரு இருந்தா அது ஊசி செய்யற ஊரு. ஊசியை வளைச்சாத் தூண்டில் முள்ளு, அப்படியே மீன்பிடி சாமான் மொத்தத்துக்கும் போயிட்டாங்க. இந்த எழுத்தெல்லாம் மயிரிழை ஆழத்துக்குத்தான் வெட்டியிருப்பாங்க. அதனாலதான் அந்தத் தம்பிகிட்ட பாதி போயிருக்கும்னேன். புளியும் பவுடரும் களிம்பை மட்டும் எடுக்கறதில்லைங்க. கொஞ்சம் உலோகத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். நாலு தடவை தேய்ச்சா எழுத்து போயிடும், எழுத்து போனா அந்த ராட்டைக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. கோயில் விளக்கைத் தேய்க்கலாம், அதுக்கு அடுத்த வெள்ளி வரும். இதுக்கு வராது.

இனி எங்க ராட்டை. நாலரை அங்குலம் குறுக்களவு. மரத்துல கடைஞ்சது, பின்பக்கம் நட்சத்திரம் மாதிரி நாலு கை விரிச்ச பித்தளைப் பட்டை, மரம் முறுக்கிக்காம இருக்க. கொம்புக் கைப்பிடி ரெண்டு. பின்னால ஒரு பித்தளைக் குமிழ், அதைத் தள்ளினா கிர்ர்ர்னு சத்தம், இழுத்து விட்டா சத்தமில்லாம ஓடும். பல்சக்கரம் கிடையாது. நடுவுல ஒரு அச்சு, அதுல உருளை. கிணத்துல இருக்கற கப்பி மாதிரியேதான். இந்த வகைக்கு நாட்டிங்காம் ராட்டைன்னு பேரு, ட்ரென்ட் ஆத்துக்காரங்க உண்டாக்கினது. தூர வீசறதை விட, தக்கையை ஓடற தண்ணியில விட்டு அது போற போக்குல ராட்டையைச் சுத்த விடறதுதான் இதோட வேலை.

பூதக்கண்ணாடி வெச்சு ரெண்டு நாள் பார்த்தேன். வாட்ஸப்புல இருபது போட்டோ அனுப்பினேன். எழுத்து ஒண்ணுமே இல்லை. பெரியவர் கடைசியில சொன்னார்: "இது கடைகளுக்கு மொத்தமா செஞ்சு அனுப்பினதுங்க. செஞ்சவன் பேரு போடாம, விக்கிற கடை வேணும்னா தன் பேரைப் போட்டுக்கலாம்னு விட்டது. ஆயிரக்கணக்குல செஞ்சாங்க. அங்கயே சில ஆயிரம் ரூபாய்க்கு இப்பவும் கிடைக்கும்."

அப்போ வியாபாரி கேட்ட 15,000? அவனுக்கும் தெரியலை, அவ்வளவுதான். அவனும் எங்களை மாதிரி கனவு கண்டிருக்கான். இதுல எனக்கு ஒரு கோவம் இருக்குங்க, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. டவுன்ல இருந்து வர்றவங்க எதைப் பார்த்தாலும், "இது ஆண்டிக், லட்சம் போகும்"னு சொல்லிட்டுக் காரேறிப் போயிடறீங்க. அந்த ஒத்தை வார்த்தை இங்க அண்ணன் தம்பி நடுவுல எத்தனை வருசம் கிடக்கும்னு தெரியறதில்லை. மதிப்பு தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. இல்லைன்னா பேசாம மோரைக் குடிச்சுட்டுப் போங்க.

இன்னொண்ணும் இருக்கு. நான் ஏர்கலப்பையை ரிசார்ட் வாசல்ல வார்னிஷ் அடிச்சு நிக்க வெச்சிருக்கறதைப் பார்த்திருக்கேன். அம்மிக்கல்லு மேல பூந்தொட்டி. எனக்கு அது பார்க்க நல்லா இல்லைங்க. உடைஞ்சு போன சாமானை அலங்காரம் பண்ணுங்க, வேண்டாங்கலை. வேலை செய்யற சாமானைச் செவுத்துல மாட்டறது எனக்குப் புடிக்கலை. ராட்டை ஓடுதுன்னா அதுல நூல் சுத்தி, முள்ளு கட்டி, மீன் பிடிக்கணும். பேரும் எழுத்தும் இருக்கற அருமையான ராட்டைன்னா பத்திரமா வைங்க, அது படிக்கிறவங்களுக்கு ஆகும். எங்களுது மாதிரி பேரில்லாதது ஆயிரம் இருக்கு, அதை ஓட்டுங்க.

ஓட்டறதுக்கும் பக்குவம் இருக்கு. நான் தப்புப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன். மொதல்ல தேங்காய் எண்ணெய் விட்டேன். ரெண்டு மாசத்துல பிசின் மாதிரி இறுகிப் போச்சு. தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும், அச்சுல மட்டும். பழைய பிசினை எடுக்க மண்ணெண்ணெய் தொட்ட துணி, அதுவும் பித்தளையில மட்டும், மரத்துல படக்கூடாது. மழைக்காலத்துல மரம் ஊதி உருளை பின்தட்டுல உரசி நின்னுடும். அப்போ பலத்தைக் காட்டினா பிளந்துக்கும். நிழல்ல, காத்தாட நாலு நாள் வெச்சா தானா வழிக்கு வரும். வெயில்ல வைக்கவே கூடாது.

அப்புறம் தங்கூசி. துரை காலத்துல பட்டுக் கயிறுங்க, ஒவ்வொரு நாளும் உருவி நிழல்ல காயப் போடணும், இல்லைன்னா மக்கிடும். நைலான் 1938-லதான் வெளியே வந்துச்சு. நைலான் தங்கூசி இழுத்தா நீளும், ராட்டையில சுத்தினப்புறம் மெதுவா சுருங்கும். ஒரு சுத்து சுருங்கினா ஒண்ணும் ஆகாது. ஐந்நூறு சுத்து சேர்ந்து சுருங்கினா உருளையையே நசுக்கி விளிம்பை வெளிய தள்ளிடும். பழைய எபோனைட், மர உருளையெல்லாம் இப்படியே வெடிச்சிருக்கு. அதனால அடியில பருத்திக் கயிறு மெத்தை மாதிரி சுத்திட்டு, மேல அம்பது மீட்டர் தங்கூசி போதும். ராட்டையோட பித்தளைக் கால் இப்போ கடையில விக்கிற தூண்டில் கம்புல உட்காராது. உடனே அரத்தை எடுத்துக் காலைத் தேய்ச்சுடாதீங்க. கம்புல வெச்சு நாடாவால இறுக்கிக் கட்டினாப் போதும். நான் கல்மூங்கில்ல கட்டியிருக்கேன்.

மொத நாள் எங்க பண்ணைக் குட்டையில போட்டேன். ரோகு, கட்லா விட்டு ஒண்ணரை வருசம் ஆன குட்டை. கோதுமை மாவு உருண்டை. ஒரு ரோகு, ரெண்டு கிலோ இருக்கும், கடிச்சு இழுத்துச்சு பாருங்க, ராட்டை கிர்ர்ர்ர்ருன்னு கத்துது, கைப்பிடி எதிர்ப்பக்கமா சுழலுது. புடிச்சு நிறுத்திடலாம்னு விரலை விட்டேன். விரல் முட்டியில நாலு அடி, சுத்தியல்ல அடிச்ச மாதிரி. இந்த ராட்டைக்கு பிரேக் கிடையாது. உருளை விளிம்புல கட்டைவிரலை லேசா வெச்சு அழுத்தறதுதான் பிரேக். மீன் ஓடறப்ப கைப்பிடியைத் தொடவே கூடாது, அது நிக்கறப்ப நாம சுத்தணும். ஒரு சுத்துக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல தங்கூசி ஏறும். இப்போ வர்ற ராட்டையெல்லாம் ஒரு சுத்துக்கு அஞ்சு மடங்கு சுத்துது. இதுல பெரிய மீன் நூறு கஜம் ஓடிட்டா முந்நூறு சுத்துக்குக் கிட்ட சுத்தணும். துரைக்குக் கை எப்படி இருந்திருக்கும்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

அந்த நூறு கஜம் ஓடற மீனைப் பத்தியும் சொல்லணும். நிறைய பேரு கேக்கறீங்க, "அண்ணா, அந்தப் பழைய ராட்டையில பொம்மீன் பிடிக்க வரலாமா?"ன்னு. பொம்மீன், பூமீன் கெண்டைன்னு எங்க பெரியவங்க சொன்னதைத்தான் நீங்க மாசீர்ங்கறீங்க. 1946-ல மைசூர்ப் பக்கம் கபினியில வான் இங்கன் குடும்பத்து ஆள் ஒருத்தர் பிடிச்சது 120 பவுண்டு, 54 கிலோ. காவிரிக்கே உரிய திமில் மாசீர் வகை அது. அதை இன்னிக்கு உலகத்துல வேற எந்த ஆத்துலயும் பார்க்க முடியாது. 2018-ல அழிவின் விளிம்புல இருக்கற உயிர்னு உலகப் பட்டியல்ல ஏத்திட்டாங்க. அணைங்க குறுக்க வந்துச்சு, தோட்டா போட்டு மடுவோட கொன்னாங்க, வேற ஆத்து மாசீர்க் குஞ்சுகளைக் கொண்டாந்து விட்டாங்க, எல்லாம் சேர்ந்துதான். அந்த அணைக்குக் கல்லு அடிச்சதுல எங்க அப்பாரும் ஒருத்தர். அதே அணைத் தண்ணியிலதான் நான் மஞ்சள் போடறேன். ஆக இதுல யாரையும் திட்டற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனா மோயாத்துல மிச்சமிருக்கற நாலு மீனைத் தேடி ராட்டையோட கிளம்பாதீங்க. அது புலிகள் காப்பகம், தூண்டில் போடறதே குத்தம். பிடிச்சு விட்டுடறேன்னு சொல்றதும் அங்க செல்லாது. குட்டையில ரோகு பிடிங்க. ஆத்துல ஜிலேபிக் கெண்டை வேணும்கிற அளவு இருக்கு, அது 1952-ல வெளியில இருந்து வந்தது, எவ்வளவு பிடிச்சாலும் ஆத்துக்கு நல்லதுதான்.

சரி, அண்ணன் கதைக்கு வர்றேன். இது சில ஆயிரம்தான் பெறும்னு தெரிஞ்சதும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். நம்பலை. "நல்ல ராட்டையை வித்துப்போட்டு நாடகம் ஆடறான்"னு பதில் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. காலையில ராட்டையைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போய் அவர் வீட்டுத் திண்ணையில வெச்சேன். அண்ணி காபி குடுத்தாங்க. அண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தார், திரும்பிப் பார்க்கலை. நான் வந்துட்டேன்.

மூணு மாசம் ஒரு தகவலும் இல்லை. ஐப்பசியில ஒரு அடைமழை நாள், ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். அவர் நம்பர்தான்.

"டேய், இது சுத்த மாட்டேங்குதுடா. இறுகிப் போச்சு. சுத்தியல்ல லேசாத் தட்டட்டுமா?"

"ஐயோ, தட்டிப்போடாதீங்கண்ணா! மழைக்கு மரம் ஊதியிருக்கும். வெய்யில்ல வைக்காம உள்ளயே காத்தாட வைங்க. நாலு நாள்."

"நாலு நாளா?"

"நாலு நாள்ண்ணா."

நாலாம் நாள் மறுபடியும் போன் வந்துச்சு. பேச்சே இல்லை, போனுக்குப் பக்கத்துல ராட்டையைச் சுத்திக் காட்டறார். கிர்ர்ர்ருன்னு சத்தம் மட்டும் கேக்குது.

அதுல இருந்து முறை வெச்சுக்கிட்டோம், வாய்க்காத் தண்ணி மாதிரி. ஆடி 18-க்கு அவர் வந்து எடுத்துட்டுப் போவார், தை பொறந்தா நான் வாங்கிக்குவேன். அவர் கையில அதுக்கு மீன் ஒட்டுதுங்க, எனக்கு அந்த ராசி இல்லை. ராட்டை போட்டோ கேட்டு எழுதினவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க, இப்ப அவர் முறை. தையில எடுத்துப் போடறேன், பின்பக்க நட்சத்திரம் தெரியற மாதிரி.